எத்தனை கோப்புகளைத் திறந்து வைக்கலாம்?

பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியலில் பைத்தானும் சிஎஸ்வி கோப்புகளும் என்ற பாடத்தை முடித்த கையோடு மாணவர்களுக்கு ஒரு செயல்பாடு கொடுப்பது என் வழக்கம். பாடநூலில் உள்ள நான்கு வரித் தரவை வைத்துச் செய்தால் எந்த நிரலும் ஓடிவிடும். அதனால் உண்மையான, பெரிய பட்டியல் ஒன்றைக் கொடுப்பேன். நான் பணியாற்றும் நைனார்பாளையம், கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் சின்னசேலம் ஒன்றியத்தைச் சேர்ந்தது. ஊராட்சி, குக்கிராமம் என்றால் பிள்ளைகளுக்கு விளக்கமே வேண்டாம். எனவே மாவட்டம், ஒன்றியம், ஊராட்சி, குக்கிராமம் என நான்கு நெடுவரிசைகள் கொண்ட, தமிழ்நாடு முழுமைக்குமான பட்டியல் ஒன்றைத் தயார் செய்தேன்.

வேலை மூன்று கட்டமாக இருந்தது. முதலில் மாவட்டத்துக்கு ஒரு கோப்பாகப் பிரிக்க வேண்டும். சென்னையில் கிராம ஊராட்சி இல்லை என்பதால் 37 கோப்புகள் வரும். அடுத்து ஒன்றியத்துக்கு ஒன்றாக 388 கோப்புகள். கடைசியாக ஊராட்சிக்கு ஒன்றாக 12,525 கோப்புகள். எந்த மொழியில் வேண்டுமானாலும் எழுதலாம், மொத்தம் 10 மதிப்பெண்.

ஒரு மாணவி பைத்தானில் எழுதினாள். ஒரு மாணவன் சி++ மொழியில் எழுதினான். பதினொன்றாம் வகுப்பில் படித்த மொழி, பொறியியல் படிக்கும் அண்ணனிடம் கோப்புக் கையாளுதலையும் கேட்டுக் கற்றிருந்தான். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்து எழுதவில்லை, ஆனால் வழிமுறை ஒன்றுதான். ஓர் ஊரின் பெயர் முதன்முறை வரும்போது அதற்கான கோப்பைத் திறப்பது, திறந்தபடியே வைத்துக்கொள்வது, அந்த ஊரின் வரிகள் வர வர அதில் எழுதுவது, எல்லாம் முடிந்தபின் மொத்தமாக மூடுவது. அவள் கோப்புகளை ஓர் அகராதியில் வைத்திருந்தாள், அவன் ஓர் அணியில் வைத்திருந்தான். முதல் இரண்டு கட்டங்களும் இருவருக்கும் சரியாக வந்தன.

மூன்றாவது கட்டத்தில் அவன் திரையில் 'முடிந்தது' என்று வந்தது. அவள் திரையில் ஓஎஸ் எரர், எண் 24, 'டூ மெனி ஓப்பன் ஃபைல்ஸ்' என்று பிழைச் செய்தி வந்து நிரல் பாதியில் நின்றது. நான் அவனுக்கு 10 கொடுத்தேன். அவளுக்கு 6. "உன் நிரல்ல ஏதோ தப்பு இருக்கு, வீட்டுக்குப் போய்ப் பாரும்மா" என்று சொன்னேன். அந்தப் பிழைச் செய்தியை நானே முழுதாகப் படிக்கவில்லை. மணி அடித்துவிட்டது, கையில் இன்னும் பல பதிவேடுகள் இருந்தன. காரணம் அவ்வளவுதான்.

மறுநாள் காலை வணக்கக் கூட்டம் முடிந்ததும் அவள் வந்து நின்றாள். "சார், அவன் ஃபோல்டர்ல நம்ம ஊரே இல்ல சார்."

போய்ப் பார்த்தோம். அவனுடைய கோப்புறையில் இருந்தவை 508 கோப்புகள். பட்டியல் ஆங்கில அகரவரிசையில் இருந்தது. அரியலூர் முடிந்து, செங்கல்பட்டு மாவட்டத்தின் நடுவிலேயே நின்றிருந்தது. கள்ளக்குறிச்சியை எட்டவே இல்லை. மீதி 12,017 ஊராட்சிகள் எங்கே போயின என்று அந்த நிரல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவளுடைய கோப்புறையில் 8,188 கோப்புகள் இருந்தன. அதில் நைனார்பாளையமும் இருந்தது. ஒரே கணினி, ஒரே விண்டோஸ், ஒரே பட்டியல், ஒரே வழிமுறை. ஒன்று 508-இல் மௌனமாக நிற்கிறது, மற்றொன்று 8,188-இல் கூச்சலிட்டு நிற்கிறது.

அன்று மாலை வீட்டில் என் பழைய மடிக்கணினியில் அவள் நிரலை ஓட்டிப் பார்த்தேன். அதில் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் இருக்கிறது. அங்கே 1,020 கோப்புகளோடு, கடலூர் மாவட்டத்துக்குள் நின்றுவிட்டது. அதே பிழை, எண் 24. ஆக என்னிடம் மூன்று எண்கள் இருந்தன: 508, 1,020, 8,188. இவை எங்கிருந்து வந்தன என்று தேடியதில் நான் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். நம் பாடநூலின் கோப்புக் கையாளுதல் பாடத்துக்குப் பின்னால் நிற்கிற விஷயம் இது.

பேருந்து நிலையத்தை ஒட்டிய சைக்கிள் ஸ்டாண்டை நினைத்துக்கொள்ளுங்கள். வண்டியை விட்டால் எண் போட்ட ஒரு தகர டோக்கன் தருவார்கள். திரும்பி வந்து டோக்கனைக் கொடுத்தால் வண்டி கிடைக்கும். டோக்கன் தீர்ந்துவிட்டால், உள்ளே எவ்வளவு இடம் காலியாக இருந்தாலும் அடுத்த வண்டியை எடுக்கமாட்டார்கள். இயக்க அமைப்பும் ஏறத்தாழ இப்படித்தான் நடந்துகொள்கிறது. நிரல் ஒரு கோப்பைத் திறக்கச் சொன்னால், அது நிரலிடம் கோப்பையே தருவதில்லை, ஓர் எண்ணைத் தருகிறது. இனி அந்தக் கோப்பில் படிக்கவோ எழுதவோ வேண்டுமானால் அந்த எண்ணைச் சொல்லித்தான் கேட்க வேண்டும். மூடினால் எண் திரும்பப் போய்விடும், அடுத்தவருக்குக் கிடைக்கும். யூனிக்ஸ் வழிவந்த அமைப்புகளில் காலியாக உள்ள எண்களில் மிகச் சிறியதைத்தான் எப்போதும் தர வேண்டும் என்பது விதி.

முதல் மூன்று டோக்கன்கள் நிரல் தொடங்கும்போதே போய்விடும். விசைப்பலகை உள்ளீட்டுக்கு 0, திரை வெளியீட்டுக்கு 1, பிழைச் செய்திக்கு 2. லினக்ஸில் ஒரு நிரலுக்கு வழக்கமாகக் கிடைக்கும் டோக்கன்கள் 1024. அதில் மூன்று போக 1021. நாம் படிக்கும் மூலப் பட்டியலும் ஒரு திறந்த கோப்புதானே, அதற்கு ஒன்று. மீதி 1020. கடலூரில் நின்ற கணக்கு இப்படித்தான் நேரானது. கரும்பலகையில் இந்தக் கழித்தலைப் போட்டபோது வகுப்பில் எழுந்த சத்தம், வருடத்தில் ஓரிரு முறைதான் எனக்குக் கேட்கக் கிடைக்கிறது.

எல்லை எதற்கு என்று கேட்பார்கள், கேட்டார்கள். திறந்திருக்கும் ஒவ்வொரு கோப்புக்கும் இயக்க அமைப்பு தன் நினைவகத்தில் ஒரு பதிவு வைத்திருக்க வேண்டும். மடக்குக்குள் மாட்டிய ஒரு நிரல் கோப்புகளைத் திறந்துகொண்டே போனால், பாதிக்கப்படுவது அந்த நிரல் மட்டுமல்ல, அதே கணினியில் ஓடும் மற்றவையும்தான். அதனால் ஒரு நிரலுக்கு ஓர் எல்லை, கணினி முழுமைக்கும் தனியாக ஓர் எல்லை. முன்னதைத் தாண்டினால் பிழை எண் 24, பின்னதைத் தாண்டினால் 23.

இந்த எல்லை புதிதும் அல்ல. யூனிக்ஸின் ஆறாம் பதிப்பில் ஒரு நிரல் 15 கோப்புகளைத்தான் திறக்க முடியும், ஏழாம் பதிப்பில் 20. நான் கல்லூரியில் டர்போ சி பழகிய காலத்தில், டாஸ் இயக்க அமைப்பு ஒரு நிரலுக்குத் தந்தது 20 இடங்கள். அதிலும் அச்சுப்பொறி உட்பட 5 இடங்கள் முன்பே போயிருக்கும். மீதி 15. அதாவது இந்தச் செயல்பாட்டின் முதல் கட்டம், வெறும் 37 மாவட்டங்கள், அன்றைக்கு என் நிரலில் ஓடியிருக்காது. நாங்கள் அதிகபட்சம் இரண்டு கோப்புகளைத்தான் திறப்போம், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நகலெடுக்க. அதனால் எங்களுக்கு அது தெரியவே வரவில்லை.

இனி விண்டோஸ் புதிர். 508-உம் 8,188-உம் ஒரே கணினியில் எப்படி?

விண்டோஸின் உட்கருவைக் கேட்டால் அது ஒரு நிரலுக்கு ஒரு கோடியே 60 லட்சத்துக்கும் மேற்பட்ட கைப்பிடிகளைத் தரத் தயாராக இருக்கிறது. நெருக்கடி அங்கே இல்லை. நம் நிரல் நேரடியாக உட்கருவிடம் பேசுவதும் இல்லை. நடுவில் சி மொழியின் நூலகம் இருக்கிறது. அந்த நூலகம் தன் பங்குக்கு இரண்டு பட்டியல்கள் வைத்திருக்கிறது. கீழ்மட்டத்தில் வெறும் எண்களின் பட்டியல்: இன்றைய நூலகத்தில் அதற்கு 8,192 இடங்கள். மேல்மட்டத்தில், எஃப்ஓப்பன் என்ற செயற்கூறு பயன்படுத்தும் பட்டியல்: அதற்கு, மாற்றச் சொல்லாதவரை, 512 இடங்கள். இன்றைய பைத்தான் கீழ்மட்டத்தை நேரடியாகக் கூப்பிடுகிறது. டெவ் சி++ உடன் வரும் நிரல்பெயர்ப்பியின் ஓஎஃப்ஸ்ட்ரீம், எஃப்ஓப்பன் வழியாகப் போகிறது. இப்போது கழித்துப் பாருங்கள்: 8,192-இல் நான்கு போனால் 8,188. 512-இல் நான்கு போனால் 508. அந்த நான்கு எவை என்று மேலே பார்த்துவிட்டோம்.

பழைய பைத்தான் 2 எஃப்ஓப்பன் வழியாகவே போனது. அந்தக் காலமாக இருந்தால் மாணவியும் 508-இல்தான் நின்றிருப்பாள். மொழி அதே பைத்தான், இயக்க அமைப்பு அதே விண்டோஸ், மாறியது நடுவில் நூலகத்தை அழைக்கும் வழி மட்டும். நிரலாக்க மொழி என்று நாம் பாடம் நடத்தும்போது சொற்றொடர் அமைப்பைத்தான் நடத்துகிறோம். நிரல் ஓடும்போது அதன் நடத்தையைத் தீர்மானிப்பதில் பெரும் பங்கு இந்த நூலகத்துக்கு உண்டு.

இதில் நான் படித்ததிலேயே மிகவும் ரசித்தது சோலாரிஸ் என்ற யூனிக்ஸின் கதை. அதன் 32 பிட் நூலகத்தில், திறந்த கோப்பின் எண்ணை எழுதி வைக்க ஒரே ஒரு பைட் ஒதுக்கியிருந்தார்கள். ஒரு பைட்டில் 0 முதல் 255 வரைதானே எழுத முடியும்? கணினி நிர்வாகி எல்லையை ஆயிரக்கணக்கில் உயர்த்தி வைத்தாலும், எஃப்ஓப்பன் 255-ஐத் தாண்டிய எண் கொண்ட கோப்பைத் திறக்க மறுத்தது. சைக்கிள் ஸ்டாண்டில் டோக்கன் ஆயிரம் வாங்கி வைத்தாயிற்று, ஆனால் கணக்கு நோட்டில் கட்டம் 255 வரைதான் போட்டிருக்கிறது. சரி, நோட்டை மாற்றிவிடலாமே என்றால், அந்த அமைப்பை நம்பி ஏற்கெனவே நிரல்பெயர்க்கப்பட்ட நிரல்கள் எல்லாம் உடைந்துவிடும். அதனால் பல ஆண்டுகள் அப்படியே கிடந்தது. பதினொன்றாம் வகுப்பில் எண்முறைகள் நடத்தும்போது, ஒரு பைட்டின் பெரும மதிப்பு 255 என்பதற்கு இனி நான் இந்த உதாரணத்தைத்தான் சொல்வேன்.

லினக்ஸின் 1024-க்கும் இதே போன்ற ஒரு காரணம் உண்டு. செலக்ட் என்று ஒரு பழைய செயற்கூறு, 1983-இல் வெளிவந்த பெர்க்லி யூனிக்ஸோடு வந்தது. பல கோப்புகளையும் இணைப்புகளையும் ஒரே நேரத்தில் கவனிக்க உதவுவது. ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு பிட் என்று 1024 பிட்கள் கொண்ட ஒரு வரிசையை அது பயன்படுத்துகிறது. எண் 1024-ஐத் தொட்டுவிட்டால் வரிசைக்கு வெளியே உள்ள நினைவகத்தில் கை வைத்துவிடும். பைத்தான் இதை முன்கூட்டியே சோதித்துப் பிழை எழுப்பும், சி மொழியில் அந்தக் காவல் கிடையாது. ஆகவே லினக்ஸ் கணினிகளில் இரண்டு எல்லைகள் வைக்கிறார்கள்: மென் எல்லை, கடின எல்லை. மென் எல்லையை நிரலே கடின எல்லை வரை உயர்த்திக்கொள்ளலாம். 2018 டிசம்பரில் வந்த சிஸ்டம்டி 240-ஆம் பதிப்பு கடின எல்லையை 5,24,288 ஆக உயர்த்தியது. ஆனால் மென் எல்லையை 1024-லேயே விட்டுவைத்தது. செலக்ட் பயன்படுத்தும் பழைய நிரல்கள் கெட்டுப்போகக் கூடாது என்பதற்காக.

இந்த மென் எல்லையை ஒவ்வொரு மொழியும் ஒவ்வொரு விதமாக எடுத்துக்கொள்கிறது. ஜாவா தன் இயக்கச் சூழல் தொடங்கும்போதே அதைக் கடின எல்லைவரை உயர்த்திக்கொள்ளும். கோ மொழி 2022-இல் வந்த 1.19 பதிப்பிலிருந்து அப்படிச் செய்கிறது. பைத்தான் தானாக எதையும் உயர்த்தாது. வேண்டுமென்றால் ரிசோர்ஸ் என்ற தொகுதி வழியாக நாமே உயர்த்தலாம், விண்டோஸில் அந்தத் தொகுதி இல்லை.

அப்படியானால் எல்லையை ஏராளமாக வைத்துவிட்டால் போயிற்று என்று தோன்றும். அதற்கும் ஒரு விலை இருந்தது. பைத்தான் 2-இல் வேறொரு நிரலைத் தொடங்கும்போது, தேவையற்ற கோப்புகள் அதற்குப் போகாமலிருக்க எல்லாவற்றையும் மூடச் சொல்லலாம். எவை திறந்திருக்கின்றன என்று பார்க்காமல், 3 முதல் எல்லை எண் வரை ஒவ்வொன்றாக மூடிக்கொண்டே போகும். எல்லை 1024 என்றால் கண்சிமிட்டும் நேரம். பத்து லட்சம் என்று யாராவது வைத்திருந்தால் நிரல் உறைந்ததுபோல் நிற்கும். பின்னர் பைத்தான் 3-இல், உண்மையில் திறந்திருப்பவற்றின் பட்டியலை லினக்ஸிடமே கேட்டு அவற்றை மட்டும் மூடும்படி மாற்றினார்கள். பைத்தானிலிருந்து சி++ நிரலை இயக்குவது நம் பாடத்திட்டத்திலேயே இருக்கிறது. அந்தப் பாடத்தில் இதைச் சொல்ல இடமுண்டு.

மாணவனுக்கு நடந்ததுக்கு வருகிறேன். சி++ மொழியில் ஓஎஃப்ஸ்ட்ரீம் கோப்பைத் திறக்க முடியாமல் போனால், நாம் கேட்டுக்கொண்டிருந்தால் ஒழிய, விதிவிலக்கு எழுப்பாது. உள்ளுக்குள் ஒரு தோல்விக் குறியை மட்டும் வைத்துக்கொள்ளும். அதன்பின் எவ்வளவு எழுதச் சொன்னாலும் பேசாமல் விழுங்கிவிடும். இஸ் ஓப்பன் என்று ஒரு முறை கேட்டிருந்தால் உண்மை தெரிந்திருக்கும். அவன் கேட்கவில்லை, அவனுக்கு யாரும் சொல்லித்தரவும் இல்லை. பதினொன்றாம் வகுப்பில் அவனுக்குச் சி++ நடத்தியதும் நான்தான்.

பைத்தானிலும் ஒரு மறைவு உண்டு. மடக்குக்குள் கோப்பைத் திறந்து, மூடாமலே அடுத்ததைத் திறக்கும் நிரல்களை நாம் திருத்தும்போது, ஓடுகிறதே என்று விட்டுவிடுகிறோம். ஓடுவதற்குக் காரணம், நாம் பயன்படுத்தும் சிபைத்தான், ஒரு பொருளைச் சுட்டும் கடைசி மாறியும் விலகியவுடன் அந்தக் கோப்பைத் தானே மூடிவிடுகிறது. இது அந்த ஒரு செயலாக்கத்தின் பழக்கம், மொழி தரும் உறுதிமொழி அல்ல. பைபை என்ற மற்றொரு செயலாக்கத்தில் அதே நிரல் டோக்கன் தீர்ந்து நிற்கலாம். கோப்புகளை ஓர் அகராதியில் போட்டு வைத்தால் சிபைத்தானிலும் இந்த உதவி கிடைக்காது, அகராதி அவற்றைப் பிடித்துக்கொண்டே இருக்கும். வித் கூற்றுக்குள் திறந்தால் கூற்று முடிந்ததும் மூடப்படுவது உறுதி. ஆனால் எஸ்கியூலைட் பாடத்தில் இதே வித்தை நம்பிவிடாதீர்கள். அங்கே வித் கூற்று, மாற்றங்களைச் சேமிப்பதோடு நின்றுவிடும், தரவுத்தள இணைப்பை மூடாது. பாடநூலில் உள்ளபடி குளோஸ் என்று தனியாக எழுதத்தான் வேண்டும்.

இதையெல்லாம் படித்துவிட்டு மறுநாள் நான் மாணவியிடம் சொன்ன தீர்வு, எல்லையை உயர்த்துவது. பாஸ் லினக்ஸ் முனையத்தில் யூலிமிட் கட்டளை கொடுத்து 20,000 என்று வைத்தேன், அவள் நிரல் முழுதாக ஓடியது. பெருமையாக இருந்தது. அடுத்த நாள் புதிய முனையம் திறந்தபோது எல்லை மறுபடி 1024, நிரல் மறுபடி கடலூரில். அந்தக் கட்டளை அந்த ஒரு முனையத்துக்கு மட்டும்தான். ஆய்வகத்தின் விண்டோஸ் கணினிகளில் அதுவும் கிடையாது.

அவள் அதற்குள் வேறு ஒன்று யோசித்திருந்தாள். "கோப்பை எதுக்கு சார் தொறந்தே வச்சிருக்கணும்? வரியை மட்டும் வச்சிக்கிட்டா போதாதா?" அகராதியில் கோப்புக்குப் பதிலாக ஊராட்சி வாரியாக வரிகளின் பட்டியலைச் சேர்த்துக்கொண்டாள். பட்டியலைப் படித்து முடித்தபின், ஓர் ஊராட்சியை எடுத்து, வித் கூற்றில் கோப்பைத் திறந்து, எழுதி, மூடி, அடுத்த ஊராட்சி. எந்த நேரத்திலும் திறந்திருப்பது ஒரே ஒரு கோப்பு. நினைவகத்தில் அடங்காத அளவு பெரிய தரவு என்றால், முதலில் ஊராட்சி வாரியாக வரிசைப்படுத்திக்கொண்டு, பெயர் மாறும்போது பழையதை மூடிப் புதியதைத் திறக்கலாம் என்று அவன் சொன்னான். இதுவும் நல்ல வழி.

புதிய நிரலை விண்டோஸிலும் லினக்ஸிலும் ஓட்டினோம். இரண்டிலும் 12,525 கோப்புகள். அவன் தன் சி++ நிரலையும் அதே வழியில் மாற்றி, கோப்பு திறக்காவிட்டால் ஊரின் பெயரைச் சொல்லி நிற்கும்படி ஒரு வரி சேர்த்தான். அதிலும் 12,525. நான் பதிவேட்டை வாங்கி அவளுடைய 6-ஐ அடித்து 10 என்று எழுதிக் கையொப்பமிட்டேன். அவனுடைய 10-ஐ என்ன செய்வதென்று கொஞ்ச நேரம் யோசித்தேன். "மொதல்ல போட்டத அடிச்சிட்டு, இப்ப எழுதினதுக்குப் போடுங்க சார்" என்று அவனே சொன்னான். அப்படியே செய்தேன்.

அடுத்த ஆண்டு இந்தச் செயல்பாட்டில் ஒரு நான்காம் கட்டத்தையும் சேர்க்க இருக்கிறேன்: உருவான கோப்புகளை நிரலே எண்ணி, 12,525 வந்ததா என்று சொல்ல வேண்டும்.